பதினோரு விநாடி

ஜனவரி 9, வியாழன்

எனக்கு இந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் என் விஸ்காம் பட்டம் அல்ல. நான் பெண் என்பதுதான். ஜோயல் அண்ணா அதை மறைக்கவில்லை. "அந்தம்மா சேலைக்குள்ள நான் எப்படிம்மா மைக் மாட்ட முடியும்? நீ மாட்டிவிடு. அப்படியே சத்தத்தையும் பார்த்துக்கோ" என்றார். கேமரா அவர், சத்தம் நான். எங்கள் குழுவில் மூன்றாவது ஆள் கிடையாது.

படத்தின் பெயர் 'ஆயிரம் அடி'. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆண்கள் போர்வெல் ரிக் லாரிகளில் வடமாநிலங்களுக்குப் போகிறார்கள். எட்டு மாதம், பத்து மாதம் கழித்து வருகிறார்கள். அவர்கள் இல்லாத வீடுகளைப் பற்றிய படம். ஜோயல் அண்ணா சென்னையில் டிவி வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாக இதையே சுற்றுகிறார்.

அப்பா ஓமலூரில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனது நான் மட்டும்தான். "டீவில வருவியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. பின்னாடி இருப்பேன்."

"பின்னாடின்னா?"

எனக்கு விளக்கத் தெரியவில்லை. "அப்போ சரி" என்றார்.

ஜனவரி 12, ஞாயிறு

தெய்வானை அக்கா வீடு. படத்தில் இவர்கள் குடும்பம்தான் முக்கியம். கணவர் அங்கமுத்து எட்டு வருடம் ரிக்கில் டிரில்லராக இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் சத்தீஸ்கரில் கொக்கியிலிருந்து நழுவிய ராடு முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கட்டில், இல்லாவிட்டால் சக்கர நாற்காலி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அக்காதான் புரட்டிப் படுக்க வைக்கிறார். ஒரே மகள் பெருந்துறையில் நர்சிங் விடுதியில் இருக்கிறாள்.

அறைக்குள் கூட்டிப்போய் மைக்கை ரவிக்கையின் உள்பக்கம் குத்தினேன். ஒயரை முதுகு வழியாக இறக்கி, சத்தத்தை என் ரெக்கார்டருக்கு அனுப்பும் சின்னப் பெட்டியை இடுப்பில் செருக வேண்டும்.

"என்ன கண்ணு, கை இப்புடி ஆடுது? நானென்ன உன்ற மாப்பிள்ளையா?" என்று சிரித்தார் அக்கா. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

ஒப்புதல் படிவத்தை நான்தான் படித்துக் காட்டினேன். இரண்டாவது பத்தியில் இருக்கும்போதே, "அட, நீ சொன்னாச் செரி, எங்க போடோணும்?" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்றாவது பத்தி, 'பதிவான எந்தப் பகுதியையும் பயன்படுத்தலாம்' என்பது. அதை நான் படிக்கவில்லை.

கடைசியில் அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். எடிட்டிங்கில் இடைவெளிகளை நிரப்ப அது தேவைப்படும். எல்லோரும் அசையாமல் இருங்கள் என்று சொன்னேன்.

"சும்மா இருக்கறதையுங்கூடப் புடிப்பீங்களா?" என்றார் அங்கமுத்து கட்டிலில் இருந்தபடி. "அப்புடின்னா என்னையப் புடி கண்ணு. மூணு வருசமா அதத்தான பண்ணிட்டுக் கெடக்கறேன்."

அக்கா சிரித்துவிட்டார். ஒரு நிமிடத்தை மூன்று முறை எடுக்க வேண்டியதாயிற்று.

ஜனவரி 17, வெள்ளி

ஜோயல் அண்ணா காரில் என்னை வீட்டில் விட வந்தார். ஓமலூர் வந்ததும் சொன்னார்: "எல்லாரும் ஒண்ணையேதான் சொல்றாங்க இந்து. 'கதவுச் சத்தம் கேட்டா அவருதான்னு எந்திரிப்பேன்.' 'போன் வந்தா சாமி வந்த மாதிரி.' நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நமக்காகச் சொல்றது. இதை வச்சு என்ன படம் பண்ண?"

கணவர் வடக்கே இருந்த வருடங்களைப் பற்றித் தெய்வானை அக்காவும் கதவுச் சத்தத்தைத்தான் சொன்னார்.

ஜனவரி 21, செவ்வாய்

காலை: அங்கமுத்துவைக் குளிப்பாட்டுவது எடுத்தோம். அவரே வேண்டும் என்று சொன்னார். "ரிக்குக்குப் போறவன் பாக்கட்டும், என்னாகும்னு" என்றார். மதியம்: சாப்பாட்டு இடைவேளை. அக்காவின் மைக்கைக் கழற்ற மறந்துவிட்டேன். கொல்லையில் விறகு அடுக்கிய இடத்தில் தங்கை ருக்குவோடு ஏதோ குடும்பப் பேச்சு. சாயங்காலம்: ஆடுகள், தெரு, பள்ளிக்கூடம் விடும் நேரம்.

பேட்டரி தீர்ந்துவிட்டது. நாளைக்கு எட்டு வாங்க வேண்டும்.

ஜனவரி 22, புதன்

நாளெல்லாம் சத்தக் கோப்புகளைக் கேட்டுக் குறிப்பு எழுதினேன். எண், நேரம், யார், என்ன. நூற்று நாற்பத்தேழாவது கோப்பு நேற்று மதியத்தது. முழுவதும் எழுதினேன். வேலை என்றால் முழுவதும்தானே எழுத வேண்டும்.

ருக்கு: "மாமனுக்கு மறுக்காப் புண்ணு வந்துருச்சா?"

தெய்வானை: "வந்துருச்சு. புரட்டிப் புரட்டி என்ற இடுப்புத்தான் போச்சு. அவரு வடக்க இருந்த எட்டு வருசம் என்னைய ஆரும் ஏன் எங்கன்னு கேக்கல. சைக்கிள் ஓட்டக்கூடப் பழகிட்டேன்."

அதற்குப் பிறகு ஆடு கத்துகிறது. பிறகு:

"அவரு அங்கயே போய்ச் சேந்திருந்தா ஒரு வருசம் அளுதிருப்பேன், அப்பறம் மறந்திருப்பேன். உசுரோட கொண்டாந்து எம்மேல எறக்கி வெச்சுட்டாங்க. போன்ல பேசற புருசன்தான் ருக்கு எனக்கு ஒத்து வந்தாரு."

பதினோரு விநாடி. ஆட்டின் சத்தத்தை மீறி ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் பதிவின் ஒலி அளவு கூடியிருக்கிறது.

குறிப்பில் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன். நட்சத்திரம் என்றால் அண்ணா கட்டாயம் கேட்க வேண்டியது என்று பேசி வைத்திருந்தோம்.

பிப்ரவரி 3, திங்கள்

அம்மாவுக்குக் காய்ச்சல். படப்பிடிப்பு முடிந்தது.

மார்ச் 6, வியாழன்

சேலத்தில் ஜோயல் அண்ணாவின் மாடி அறையில் எடிட்டிங். அவர் வெட்டுகிறார், நான் குறிப்பேட்டைப் பார்த்துக் கோப்புகளை எடுத்துக் கொடுக்கிறேன். மதியம் மூன்று மணிக்கு நட்சத்திரத்துக்கு வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். கழற்றினார். மறுபடி மாட்டினார். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

"இந்து, படமே இதுதான். நீ கொண்டாந்த படம் இது" என்றார்.

இதுவரை என் வேலையைப் பற்றி யாரும் இப்படிச் சொன்னதில்லை. கல்லூரியில் என் பெயர் தெரிந்த ஆசிரியர்கள் இரண்டு பேர்தான்.

பிறகு கேட்டார்: "மைக் ஓடிட்டிருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்ல?"

பதில் சொன்னேன். வேலை தொடர்ந்தது. இரண்டு தேநீர். கரண்ட் ஒருமுறை போய் வந்தது.

மார்ச் 19, புதன்

அந்தப் பதினோரு விநாடிக்கு மேல் அண்ணா வைத்திருக்கும் காட்சி: வெறும் கட்டில், கொடியில் காயும் வேட்டி. அக்கா முகமே இல்லை. குரல் மட்டும். அதற்கு முன்னால் அக்கா சொல்லும் கதவுச் சத்தம். அடுக்கிப் பார்க்கும்போது கதவுச் சத்தமும் பொய்யில்லை, இதுவும் பொய்யில்லை என்று தெரிகிறது. எனக்கு அழுகை வந்தது. நல்ல படம். உண்மையாகவே நல்ல படம்.

சென்னையிலிருந்து அவருடைய நண்பர் போனில் ஏதோ கேட்டார். "இல்லல்ல, அவங்களுக்குத் தெரிஞ்சுதான் பேசினாங்க. எங்க சவுண்டுப் பொண்ணுகிட்ட அவ்வளவு நம்பிக்கை அவங்களுக்கு" என்றார் அண்ணா, என்னைப் பார்த்துச் சிரித்தபடி.

ஏப்ரல் 12, சனி

சில சத்தங்கள் இன்னும் வேண்டும் என்று ஜோயல் அண்ணாவிடம் சொல்லித் தனியாக ஊருக்குப் போனேன். சக்கர நாற்காலியின் கிரீச், பாத்திரம், கதவு. உண்மையில் எதுவும் தேவைப்படவில்லை. அக்காவிடம் சொல்லிவிடத்தான் போனேன்.

அக்கா கம்மங்கூழ் கொடுத்தார். "படத்துல நான் எப்புடி இருக்கறேன்? குண்டாத் தெரியறனா?"

"நல்லா இருக்கீங்கக்கா."

"ஒரு எடத்துல அளுதேன் பாரு, மூக்கெல்லாம் ஒளுகிச்சு. அதை வெட்டிப்போடச் சொல்லு கண்ணு. ஊரே பாக்கும், அசிங்கமா இருக்கும்."

"சொல்றேங்க்கா. வெட்டிடலாம்."

"நீ சொன்னாச் செரி."

உள்ளேயிருந்து அங்கமுத்து கூப்பிட்டார். "தெய்வானை, அந்தப் புள்ளைக்கு முறுக்குக் குடுத்தியா?" "குடுக்காம வெச்சு நான் திங்கறனா? கூளுக்கு முறுக்குக் கடிக்கற ஊரு உங்களுதுதான்" என்றார் அக்கா. அவர் சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பையும் பதிவு செய்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். நிறுத்தத்தில் ஐம்பது நிமிடம் நின்ற பிறகுதான் பஸ் வந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

முதல் திரையிடல் ஊரில்தான் என்று ஜோயல் அண்ணா ஆரம்பத்திலேயே வாக்குக் கொடுத்திருந்தார். வரும் ஞாயிறு, சமுதாயக் கூடம்.

இன்று கேட்டுப் பார்த்தேன். "அண்ணா, ஊர்ல போடுறப்ப மட்டும் அந்த இடத்தை..."

"எந்த இடம்?"

"விறகுக்கிட்ட பேசுறது."

நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். "ஏன், வேணாம்னு சொன்னாங்களா? சொன்னா இந்த நிமிஷமே எடுத்துடுறேன். அவங்க வாழ்க்கை அது. சொல்லு, என்ன சொன்னாங்க?"

நல்ல மனிதர். சத்தம் போட்டுப் பேசுபவராக இருந்திருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன்.

"ஒண்ணும் சொல்லலண்ணா" என்றேன். மூக்கு ஒழுகும் இடத்தை மட்டும் வெட்டச் சொன்னதைச் சொன்னேன். வெட்டினார்.

மே 4, ஞாயிறு

எழுதிவிட வேண்டும்.

நான்கு மணிக்கு வெயில் குறையவில்லை. சன்னல்களில் ஜமுக்காளம் கட்டி இருட்டாக்கினோம். நூற்றறுபது பேர் இருக்கும். பெண்கள் இடப்பக்கம் தரையில். அங்கமுத்துவை அவர் தம்பி சக்கர நாற்காலியோடு தூக்கிவந்து முன்வரிசையில் வைத்தார். புதுச் சட்டை. அக்கா பெண்களுக்கு நடுவில், ருக்குவோடு. நான் கடைசியில், சுவரை ஒட்டி, சத்தம் கூட்டிக் குறைக்கும் பெட்டியோடு. எனக்குப் பக்கத்தில் ஜோயல் அண்ணா, மடிக்கணினியோடு.

படம் ஓடத் தொடங்கியதும் ஒரே சிரிப்பு. "டேய், உன்ற எருமைடா அது!" "எருமையாவது சொன்ன பேச்சுக் கேட்டு நிக்குது, நீ ஆடிட்டே இருக்கற பாரு." அங்கமுத்து குளிக்கும் காட்சியில் அமைதியானார்கள். ரிக் லாரிக்காரர் ஒருவர் எழுந்து வெளியே போனார்.

நாற்பத்தோராவது நிமிடம் அது வரும். நாற்பது ஆனதும் என் கை தானாகப் போனது. கட்டில் வந்தது. வேட்டி வந்தது. சத்தத்தை முழுவதும் இறக்கிவிட்டேன்.

பதினோரு விநாடி எத்தனை நீளம் என்று இன்றுதான் தெரிந்தது. திரையில் கட்டில் மட்டும். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. யாராவது படித்துவிடுவார்களோ என்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நடுவிலிருந்து ஒருவர், "ஏம்ப்பா, சவுண்டு போச்சு!" என்றார். இன்னொருவர் விசிலடித்தார். "எளுத்து ஓடுதில்ல, ஏதோ பேசறாங்க. மறுக்காப் போடுங்க!"

ஜோயல் அண்ணா என் பக்கம் குனிந்தார். "ஒயர் லூஸா?"

"ஆமாண்ணா."

ஒயரை அழுத்திப் பார்த்தார். சத்தத்தை அவரே ஏற்றினார், முன்பு இருந்ததைவிட அதிகமாக. படத்தை ஒரு நிமிடம் பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினார். இதற்குள் கூடமே பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் காத்திருந்தது. நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் பாதிப் பேர் பேச்சிலும் சிரிப்பிலும் கவனிக்காமலே விட்டிருப்பார்கள்.

"அவரு அங்கயே போய்ச் சேந்திருந்தா..."

முடிந்தபின் ஒரு பெண் குரல், "அடிப் பாவி" என்றது. மெதுவாகத்தான் சொன்னாள், அவ்வளவு அமைதியில் அது கடைசி வரை கேட்டது. அக்காவின் இரு பக்கமும் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்களா, எனக்கு அப்படித் தோன்றியதா தெரியவில்லை. அக்கா திரையைப் பார்க்கவில்லை. திரும்பி, இருட்டில் கடைசிச் சுவர்வரை தேடி, என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ கணக்குப் புரியாத பிள்ளைபோலப் பார்த்தார்.

அங்கமுத்து படம் முடியும்வரை தலையைத் திருப்பவே இல்லை. விளக்குப் போட்டதும் தம்பியிடம், "தள்ளு, போலாம்" என்றார். என்னைக் கடக்கும்போது நிறுத்தச் சொன்னார்.

"படம் நல்லா எடுத்திருக்கறீங்க" என்றார்.

எப்போதும் என்னைக் 'கண்ணு' என்றும் 'புள்ளை' என்றும் சொல்பவர்.

மே 5, திங்கள்

சாப்பிடவில்லை. அப்பா, "உன்ற படம் ஓடிச்சா?" என்றார். "ஓடிச்சுப்பா."

மார்ச் ஆறாம் தேதி நான் பதில் சொன்னதாக எழுதியிருக்கிறேன். சொல்லவில்லை. தலையாட்டினேன். ஜனவரி 21இல் மறந்துவிட்டதாக எழுதியிருக்கிறேன். அதுவும் முழு உண்மை இல்லை. மறந்தது முதல் இரண்டு நிமிடம்தான். பிறகு ஹெட்போனில் அக்காவின் குரல் கேட்டது. கையில் சாப்பாட்டுத் தட்டு. எழுந்து போய் "அக்கா, மைக்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தட்டைக் கீழே வைத்தேன். ஆடு கத்தியதால் ஒலி அளவைக் கூட்டினேன்.

மே 9, வெள்ளி

போனேன். அக்கா வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையே ருக்குவோடு போய்விட்டாராம். மகள் யார் கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லையாம். அங்கமுத்துவின் தம்பி காலையும் மாலையும் வந்து பார்க்கிறார். அறையில் நாற்றம் இருந்தது.

"உக்காருங்க" என்றார் அங்கமுத்து. உட்கார்ந்தேன்.

"நீங்க போகச் சொன்னீங்களா?" என்று கேட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"நான் போகச் சொல்லல. இருன்னும் சொல்லல." விசிறிப் பக்கம் கண்ணைத் திருப்பினார். "அவ மனசு எனக்குத் தெரியாதுங்களா? மூணு வருசமாத் தூக்கறா, தொடைக்கறா. தொடற கையி சொல்லாதா? எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரியாத மாரியே ஓட்டிட்டு இருந்தோம். அது நல்லாத்தானுங்க ஓடிச்சு."

தண்ணீர்ச் சொம்பை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தேன்.

"இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இனி அவ எனக்குச் சோறு போட்டா ஊரு அவளப் பாக்கும். நான் தின்னா என்னையப் பாக்கும். எப்புடித் திங்கறது, சொல்லுங்க."

தம்பி வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. "புரட்டிவிடட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாங்க. உங்களுக்கு வராது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான் சொன்னார்.

மே 11, ஞாயிறு

ஜோயல் அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நின்றுகொண்டே சொன்னேன்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "நீ தலையாட்டினியே இந்து" என்றார்.

"ஆமாண்ணா."

"நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்."

"ஆமாண்ணா."

"நான் இன்னொரு தடவை அவங்ககிட்டயே கேட்டிருக்கணும். கேட்கல. எனக்கும் அந்த இடம் வேண்டியிருந்துச்சு." முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டார். கணினியைத் திறந்து அந்தப் பதினோரு விநாடியை வெட்டினார். கட்டிலையும் வேட்டியையும் சேர்த்து வெட்டினார். நூற்று நாற்பத்தேழாம் கோப்பை எல்லா இடத்திலிருந்தும் அழிக்கச் சொன்னார். அழித்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

கேரளத்தில் ஒரு விழாவுக்குப் படம் தேர்வாகியிருக்கிறது. ஆகஸ்டில் திரையிடல். வெட்டிய படம்தான். அங்கே தெய்வானை அக்காவை யாருக்கும் தெரியாது. முகமில்லாத அந்தக் குரலை அங்கே ஆயிரம் பேர் கேட்டிருந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவர்கள் கேட்கப் போவதில்லை. அந்த ஊரில் நூற்றறுபது பேர் கேட்டதை எங்கே போய் வெட்டுவது?

அண்ணா, "வர்றியா?" என்றார். பதில் சொல்லவில்லை. அவரும் இப்போது என் தலையைப் பார்த்துப் பதிலை எடுத்துக்கொள்வதில்லை.

ஜூன் 14, சனி

அக்கா திரும்பி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கமுத்துவுக்குப் புண் பெரிதாகி, தூக்க ஆள் இல்லாமல், தம்பியே போய்க் கூப்பிட்டு வந்தாராம்.

அக்கா கொல்லையில் குழாயடியில் படுக்கை விரிப்பு அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். என் பையைப் பார்த்தார். நான் பையையும் போனையும் எடுத்துப் போய்த் தெருப்பக்கச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

"அவருகிட்ட இப்பப் பேச்சில்ல" என்றார் அக்கா, நான் கேட்காமலே. "வேணும்னாக் கட்டிலத் தட்டுவாரு, வேலை நடக்குது. ருக்குகிட்டப் பேசறதுன்னாக் கொழாயத் தொறந்து உட்டுட்டுத்தான் பேசறது. எங்க எது இருக்குதோ, ஆரு கண்டா."

"மன்னிச்சிருங்கக்கா."

அவர் விரிப்பைப் பிழிந்தார். "ஒண்ணு கேக்கறேன். மறந்துட்டயா, தெரிஞ்சே உட்டயா?"

"தெரிஞ்சேதாங்க்கா."

அக்கா விரிப்பைக் கொடியில் போட்டார். ஓரம் இழுத்து நேராக்கினார். பிறகு வந்து, காலி வாளியைக் குழாயின் கீழ் நகர்த்தி வைத்து, குழாயைத் திறந்தார்.

நான் நெருங்கிப் போய் நின்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று குனிந்தேன். எதைச் சொன்னாலும், எவ்வளவு மோசமாகத் திட்டினாலும், கேட்டுக்கொள்ளத்தான் வந்திருந்தேன். வாளி பாதியானது. முக்காலானது. அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நிரம்பி, வழிந்து, என் கால்வரை வந்தது.

உள்ளேயிருந்து கட்டிலை இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது.

அக்கா குழாயை மூடினார். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.